பாரிஸ்ல 'வெஜிடேரியன்'னு கேட்டா முட்டை வரும்! அப்போ வீகன் சாப்பாடு கேட்பது எப்படி?

தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி பக்கம் ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு எழுந்தால், அதில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. பேர் வைக்காமலே அது வீகன்தான். தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். ஆனால் அதே சாப்பாட்டுப் பழக்கத்தோடு படிக்கவோ வேலைக்கோ பாரிஸ் போகிறவர் ஹோட்டலில் என்ன சொல்லிக் கேட்பது?

ஒரு எழுத்துதான் வித்தியாசம்

பிரெஞ்சில் 'வெஜெத்தாரியன்' என்றால் இறைச்சி, மீன் மட்டும்தான் இருக்காது. முட்டையும் சீஸும் தாராளமாக வரும். நம்ம ஊர் பச்சைப் புள்ளியில் பாலுக்கு இடம் உண்டு, முட்டைக்கு இல்லை. அந்தக் கணக்கு அங்கே செல்லாது. பால், முட்டை எதுவுமே வேண்டாம் என்றால் 'வெஜெத்தாலியன்' என்று சொல்ல வேண்டும். 'ரி'க்குப் பதில் 'லி', அவ்வளவுதான். அவசரத்தில் சொன்னால் மாறிவிடும்.

சட்டம் எப்படி உதவுகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி, அலர்ஜி தரக்கூடிய 14 பொருட்கள் உணவில் இருந்தால் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, மீன், இறால் வகை எல்லாம் அதில் அடக்கம். பிரான்ஸில் 2015 ஜூலை முதல் ஹோட்டல்களும் இதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதனால் 'அலர்ஜி பட்டியல் காட்டுங்க' என்று தயங்காமல் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இறைச்சி வேகவைத்த சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், தேன் ஆகியவை அந்த 14-ல் இல்லை. வெங்காய சூப்பில்கூட மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். இவற்றைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

நம்பி என்ன வாங்கலாம்?

பேக்கரியில் 'பகெத் திரதிஸ்யோன்' கேளுங்கள். 1993 அரசாணைப்படி அந்த ரொட்டிக்கு அடிப்படை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான். பாலோ வெண்ணெயோ சேர்க்கக் கூடாது. பக்கத்திலேயே இருக்கும் குருவாசான் அப்படியல்ல, பெரும்பாலும் வெண்ணெய்தான்.

தமிழ்க் கடைக்குப் போனால்?

லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் நிறைய. இட்லி, தோசை கிடைக்கும். 'நம்ம ஆளுங்க கடைதானே' என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள். தோசையில் நெய் இருக்கலாம். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பதும் உண்டு.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?

ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் இறைச்சி, பால் பொருட்களைப் பெட்டியில் கொண்டுபோகத் தடை. அம்மா கட்டிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே பறிபோகலாம். ராகி மாவு அந்தத் தடைக்குள் வராது.

போகும் முன் 'பால், முட்டை, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின், தேன் வேண்டாம்' என்பதை பிரெஞ்சில் எழுதி மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தடுமாறினாலும் அதைக் காட்டினால் போதும்.