நாம் வாழும் ஊரின் மனிதர்: பியோ லா தோரே

தம்பி தங்கச்சிமாரே, 1927இல் பலெர்மோவின் ஓரத்து அல்தாரெல்லோவில், ஏழை விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர் பியோ லா தோரே. 1950இல் பிசக்குவீனோவில், நிலமில்லாத விவசாயிகளோடு பெருநிலக்காரரின் தரிசு நிலத்தில் இறங்கினார். ஒன்றரை வருடம் சிறையில் இருந்தார். 1963இல் சிசிலி சட்டமன்றம், 1972இல் ரோம் பாராளுமன்றம்.

பதவிகளைவிட அவர் எழுதிய சட்டமே பெரிது. மாபியாக்காரரைப் பிடித்து அடைத்தால் போதாது, அவர்களுடைய சொத்தையும் அரசு எடுக்கவேண்டும் என்றார். சிறைக்குப் பயப்படாதவர்கள் இதற்குப் பயந்தார்கள். 1982 ஏப்ரல் 30 காலை, அவரையும் காரோட்டிய ரொசாரியோ தி சல்வோவையும் இதே பலெர்மோவில் சுட்டுக் கொன்றார்கள்.

சட்டம் செப்டெம்பர் 13இல்தான் நிறைவேறியது. (அதற்கும் பத்து நாளுக்குமுன் ஜெனரல் தல்லா கியேசா சாகவேண்டியிருந்தது.) மாபியாவிடமிருந்து பறித்த வயல்களில் இன்று கூட்டுறவுகள் கோதுமை விதைக்கின்றன. அந்தப் பாஸ்தா கடைகளிலும் கிடைக்கும்.