பூப்போட்ட ஜக்கும் ஈயம் ஏறிய கைகளும்

ஒரு பெரிய ஜக்கு, அதற்கேற்ற அகலமான பேசின், இரண்டிலும் ஒரே நீலப் பூக்கொடி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொஞ்சம் வசதியான வீடென்றால் படுக்கையறையில் முகம் கழுவ ஒரு மேசை இருக்கும், அதன்மேல் இந்த ஜோடி இருக்கும். கூடவே சோப்புத் தட்டு, பிரஷ் வைக்க ஒரு குவளை, கட்டிலுக்கடியில் மூத்திரச் சட்டி (அதற்கும் அதே பூ!). இன்று பழம்பொருள் கடையில் இதைப் பார்க்கிறவர்கள் 'அந்தக் காலத்து ரசனையே தனி' என்று உருகுகிறார்கள். சிலர் மூத்திரச் சட்டியில் செடிகூட வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும். சகிக்க முடியாதது அந்த 'ரசனை'ப் பேச்சுதான்.

முதலில், பெரும்பாலான ஜக்குகளில் அந்தப் பூவை யாரும் தூரிகை பிடித்து வரையவில்லை. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். ஒரு சிறுமி அதை வெட்டித் தருவாள். ஒரு பெண் அதை ஒருமுறை சுட்ட மண்பாண்டத்தில் ஒட்டி, பிரஷால் அழுத்தித் தேய்த்து, பிறகு தண்ணீரில் தாளைக் கழுவி எடுப்பாள். சாயம் பாண்டத்தில் நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, அருமையான தொழில்நுட்பம். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஸ்போட் பட்டறை 1780களிலேயே இதில் நீல அச்சைப் பழக்கிவிட்டது. மலிவாக, ஆயிரக்கணக்கில் பூ பூத்தது.

அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. பூவின்மேல் அந்தப் பளபளப்பு வர, ஈயம் கலந்த கிளேஸ் கரைசலில் பாண்டத்தை முக்கி எடுக்க வேண்டும். நாள் முழுக்க கை அதிலேயே கிடக்கும். ஈயம் ஏறியவர்களுக்கு வயிற்றை முறுக்கும் வலி வந்தது, மணிக்கட்டு செயலிழந்து தொங்கியது, சிலருக்குக் கண் போனது. பெண்களுக்குக் கரு கலைந்தது. பட்டறையின் இன்னொரு மூலையில் குழந்தைகள். வில்லியம் வுட் என்ற 9 வயதுப் பையனின் வாக்குமூலம் 1860களின் அரசு விசாரணையில் பதிவாகி, மார்க்ஸின் 'மூலதன'த்திலும் இடம்பெற்றது. எட்டு வயது நிறைவதற்குள் வேலைக்கு வந்தவன். காலை 6 மணியிலிருந்து இரவு 9 வரை, வார்த்த பாண்டங்களை அச்சோடு உலர்த்தும் அறைக்குச் சுமந்து போய், வெறும் அச்சைத் திருப்பிக் கொண்டுவருவது அவன் வேலை.

'அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும், இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள்' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். தெரியாதா? ஈயமில்லாத கிளேஸ் செய்ததற்காக கோல்போர்ட் பீங்கான் பட்டறையின் ஜான் ரோஸ் 1820இலேயே லண்டனில் பதக்கம் வாங்கினார். சரி, அது பீங்கான், இது மண்பாண்டம் என்பார்கள். 1899இல் அரசு நியமித்த தோர்ப், ஆலிவர் இருவரும், மண்பாண்டங்களிலும் பெரும்பகுதியை ஈயமே இல்லாமல் செய்யமுடியும் என்று அறிக்கை கொடுத்தார்கள். முதலாளிகள் முரண்டு பிடித்தார்கள். ஈயமே இல்லாத கிளேஸ், அல்லது எளிதில் கரையாத ஈயம் கொண்ட கிளேஸ் மட்டும்தான் என்று விதி வந்தது எப்போது தெரியுமா? 1947இல்!

சேகரிப்பாளர்கள் ஜக்கைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடியில் வைர வடிவ முத்திரை இருந்தால் முகம் மலரும். 1842 முதல் 1883 வரை, பதிவுசெய்த வடிவத்தைப் பிறர் நகலெடுக்காமல் சட்டம் காத்ததன் அடையாளம் அது. பட்டறைக் குழந்தைகளின் நிலையை ஸ்க்ரிவன் என்ற அரசு ஆய்வாளர் நேரில் பார்த்து எழுதியதும் 1840களின் தொடக்கத்தில்தான். பூவுக்கு உடனே பாதுகாப்பு கிடைத்தது. குழந்தைகளுக்காக மண்பாண்டப் பட்டறைகள் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்தது 1864இல். இதுவா ரசனை?

ஜக்கு வீட்டுக்கு வந்த பிறகும் கதை மாறவில்லை. குழாயும் குளியலறையும் பரவும்வரை, தினமும் விடியலில் வெந்நீரை மாடிக்குச் சுமந்ததும், அழுக்குத் தண்ணீரையும் சட்டியையும் கீழே இறக்கியதும் வேலைக்காரப் பெண்தான். முகம் கழுவியவருக்குப் பூ மட்டும் கண்ணில் பட்டது.

விற்பனைப் பட்டியல்களில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எழுதுகிறார்கள். விளிம்பு உடைந்திருந்தால் அதையும் சொல்கிறார்கள். அந்தப் பாண்டத்தை ஈயத்தில் முக்கிய கையைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் விலை விழுந்துவிடுமா என்ன?