கையில் ஊட்டுவதற்கு முன் தராசு

பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் கிளி வளர்க்கும் ஆசை ஆஸ்திரேலியக் காக்டீல் பக்கம் திரும்பிவிட்டது. பனவடலிசத்திரம் மாதிரிச் சின்ன ஊர்வரைக்கும் அந்தப் பறவை வரும். வளர்க்கட்டும். ஆனால் கையில் ஊட்டினால்தான் பழகும் என்று சொல்லி, இறகுகூட முளைக்காத குஞ்சை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தானாகத் தின்னத் தொடங்கிய குஞ்சும் பொறுமையாகப் பேசிப் பேசிப் பழக்கினால் தோளில் வந்து உட்காரும்.

அப்படிப்பட்ட குஞ்சை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் ஒரு கிராம் தராசு வாங்குங்கள். தினமும் காலையில், முதல் ஊட்டுக்கு முன், தீனிப்பை காலியாக இருக்கும்போது குஞ்சை நிறுத்து எழுதிவையுங்கள். பொரிந்து வரும்போது 5 கிராம் அளவில் இருக்கும் குஞ்சு, நாலைந்து வாரத்தில் 80 கிராமை நெருங்க வேண்டும். பறக்கப் பழகும் நாட்களில் கொஞ்சம் இளைப்பது இயல்பு. அதற்கு முன்னால் எடை ஏறாமல் நின்றாலே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஊட்டும் கூழ் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். சூடு கூடினால் தீனிப்பை வெந்துபோகும், ஆறிப்போனால் செரிக்காமல் தங்கிப் புளிக்கும். குஞ்சு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கும்போது மட்டும் சிரிஞ்சை அழுத்துங்கள். வேண்டாமென்று திமிறும் வாயில் திணித்த கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.