வாசற்படியில் நின்று சொன்னது

கடைசித் தட்டு என்று தாங்களே அறிவித்துவிட்டு ஒரு சங்கீதக் குழுவினர் வெளியிடும் தட்டை, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவதைவிடக் கடைசிப் பாட்டை முதலில் கேட்பதே உசிதம் என்று எமக்குத் தோன்றுகிறது. விடைபெற்றுக்கொள்ள வந்த மனிதன் கூடத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேசுவான், ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றபடி திரும்பிச் சொல்லும் வார்த்தையில்தான் அவன் வந்த காரியம் இருக்கும். அமெரிக்காவின் 'மினிஸ்ட்ரி' குழுவினர் 2007 செப்டம்பரில் அவ்விதம் விடைபெறும் தட்டாக வெளியிட்ட 'தி லாஸ்ட் சக்கர்' (கடைசி ஏமாளி என்று ஒருவாறு பொருள் சொல்லலாம்) பதினோரு உருப்படிகள் கொண்டது. அவற்றுள் பதினோராவதான 'எண்ட் ஆஃப் டேஸ்' இரண்டாம் பாகம் ஏறக்குறையப் பத்து நிமிஷம் ஓடுகிறது. அந்தப் பத்து நிமிஷத்தில், கிதார்களின் கனத்த சுழற்சிக்கு மேலாக, பாடகர் அல்லாத ஒரு முதியவரின் குரல் எழுந்து, அவசரமில்லாமல், வாக்கியம் வாக்கியமாகப் பேசத் தொடங்குகிறது.

அந்தக் குரல் ட்வைட் ஐசன்ஹோவருடையது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகளை இறக்கிய பிரதம சேனாதிபதியாக இருந்து, பின்னர் எட்டு வருஷம் ஜனாதிபதியாகவும் இருந்த அந்த எழுபது வயது மனிதர், கென்னடி பதவி ஏற்பதற்கு மூன்று நாள் முன்னதாக, 1961 ஜனவரி 17 அன்று இரவு தேசத்து மக்களிடம் தொலைக்காட்சி வாயிலாக விடைபெற்றுக்கொண்டார். முன் காலத்தில் கலப்பை செய்தவனே அவசியம் நேர்ந்தபோது கத்தியும் செய்து கொடுத்தான், இப்போதோ ஆயுதம் செய்வதே நிரந்தரத் தொழிலாகிவிட்டது என்றும், முப்பத்தைந்து லட்சம் ஆண்களும் பெண்களும் பாதுகாப்பு ஸ்தாபனத்தில் நேரடியாக ஈடுபட்டிருக்கிறார்கள் என்றும், தேசத்துக் கம்பெனிகள் அனைத்தின் நிகர வருமானத்தையும்விட அதிகமான தொகை வருஷந்தோறும் அதற்குச் செலவாகிறது என்றும் அவர் சொன்னார். இராணுவமும் ஆயுதத் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்ந்திருக்கும் இந்தப் பெருங்கூட்டு, கோரியோ கோராமலோ அரசாங்கத்தின் உள்ளே அதிகாரம் பெற்றுவிடக்கூடும் என்றும், விழிப்பும் விஷய ஞானமும் உள்ள பிரஜைகளைத் தவிர அதைத் தடுத்து நிறுத்த வேறு சக்தி இல்லை என்றும் எச்சரித்தார். யுத்தத்தை விரோதிப்பவர் ஒருவர் சொல்லியிருந்தால் உலகம் அதைக் கேட்டு மறந்திருக்கும். யுத்தத்தையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் சொன்னதால்தான் அது இன்றளவும் நின்றிருக்கிறது.

இந்தக் குரலை இரவல் வாங்கியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 'இன்டஸ்ட்ரியல்' என்று பெயர் பெற்ற சங்கீதம் 1976ல் லண்டனில் 'த்ராபிங் கிரிஸில்' குழுவினர் தங்கள் சொந்த வெளியீட்டு ஸ்தாபனத்துக்கு அப்பெயரைச் சூட்டியதிலிருந்து வழக்கில் வந்தது. மேற்கு பெர்லினில் 1980ல் தோன்றிய 'ஐன்ஸ்டூர்சென்ட நொய்பாவ்டன்' குழுவினர் பழைய இரும்பையும் துளைக்கருவிகளையும் வாத்தியமாக்கினார்கள். லண்டனின் 'டெஸ்ட் டிபார்ட்மென்ட்' குழுவினர், பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் 1984ல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தையொட்டி, தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் பாடகர் குழுவோடு தோளோடு தோள் நின்று தட்டு வெளியிட்டார்கள். ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஆலையின் ஓசையைச் சங்கீதமாக்கியவர்கள் இவர்கள். மினிஸ்ட்ரி 1981ல் தோன்றிய சிகாகோவும் அத்தகைய நகரமே. அப்டன் சிங்க்ளேர் 'தி ஜங்கிள்' நாவலில் சித்திரித்த பிரம்மாண்டமான மாட்டுத்தொட்டி 1971ல் மூடப்பட்டு, உருக்காலைகளும் ஒவ்வொன்றாகக் கதவடைக்கத் தொடங்கியிருந்த நகரம்.

ஹவானாவில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்துவிட்ட ஆல் ஜோர்கன்சன்தான் அக்குழுவின் தலைவர், பாடகர், ஆரம்ப முதல் மாறாமல் இருந்துவரும் ஒரே மனிதர். 1983ல் வெளிவந்த முதல் தட்டு, நடனத்துக்கு உகந்த இனிய மின்னொலிப் பாட்டுகளைக் கொண்டது. அதைத் தமது சிருஷ்டி என்று ஒப்புக்கொள்ளவே அவர் நெடுங்காலம் கூசினார். பிறகு 1988, 1989 வருஷத்துத் தட்டுகளில், டிரம் மெஷினின் இரக்கமற்ற ஒழுங்கோடு மெட்டல் கிதாரின் கடுமையைப் பிணைத்து, இன்டஸ்ட்ரியல் மெட்டல் என்று இன்று ரசிகர்கள் சொல்லும் பாணிக்கு உருவம் கொடுத்த முன்னோடிகளுள் ஒருவரானார். அந்தப் பாணியின் உயிர்நிலை சாம்ப்ளர் என்னும் யந்திரம். ஓர் ஓசையைத் துணுக்காக எடுத்து நினைவில் வைத்துக்கொண்டு, விசையைத் தொடும்போதெல்லாம் இம்மியளவும் மாறாமல் அது திருப்பித் தரும்; சம்மட்டி அடியானாலும் சரி, கிதாரின் ஒரு வெட்டானாலும் சரி, ஜனாதிபதியின் பேச்சானாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றே.

ஜனாதிபதிகளின் குரல் இக்குழுவுக்குப் புதிதல்ல. 1992ல் வெளிவந்த 'சாம் 69' தட்டின் முதல் பாட்டில், வளைகுடா யுத்த காலத்தில் மூத்த புஷ் பிரசித்தப்படுத்திய 'புதிய உலக ஒழுங்கு' என்ற தொடர் அவர் குரலிலேயே கேட்கிறது. இளைய புஷ் இராக்கின் மீது 2003 மார்ச்சில் படை செலுத்திய பிறகு வந்தவை மூன்று தட்டுகள். 2004ல் வந்த 'ஹவுசஸ் ஆஃப் தி மோலே' தட்டில் பட்டியலிட்ட பாட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம், அந்த ஜனாதிபதியின் பெயர் நடுவில் உள்ள டபிள்யூ எழுத்தில் தொடங்குகின்றன. 2006ல் வந்த 'ரியோ கிராண்டே பிளட்' தட்டின் தலைப்புப் பாட்டிலோ, ஜனாதிபதியின் பல பேச்சுகளிலிருந்து வார்த்தைகளை வெட்டியெடுத்து ஒட்டி, அவரே தமது குற்றங்களை ஒப்புக்கொள்வதுபோல் செய்திருக்கிறார்கள். மூன்றாவதுதான் இந்த விடைபெறும் தட்டு. இதில் 'தி டிக் சாங்' என்ற பாட்டு துணை ஜனாதிபதி செனியின் பெயரைச் சொல்லியே அடிக்கிறது. 1995 முதல் 2000 வரை ஹாலிபர்டன் கம்பெனியின் தலைவராக இருந்த ஒருவர் துணை ஜனாதிபதியானதும், அக்கம்பெனியின் கிளை ஸ்தாபனம் இராக்கில் பெரும் குத்தகைகளைப் பெற்றதும் பகிரங்கமான விஷயங்களாதலால், அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் சந்தேகிக்கவில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். ஆளைத் திட்டும் எழுத்துக்கு ஆயுள் குறைவு என்பதைப் பத்திரிகை நடத்துகிற எவரும் தம் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கும்போது உணர்வர். திட்டப்பட்டவர் பதவியை விட்டு இறங்கியதும், அந்தக் கட்டுரையில் அன்று கொதித்ததெல்லாம் ஆறிய கஞ்சியாக ஏடு படிந்து நிற்பதைக் கண்டு நாமும் வருந்தியிருக்கிறோம். இத்தட்டின் அட்டையில் புஷ்ஷின் முகம் மனித ஜாதிக்குப் புறம்பான ஒரு பிராணியின் முகமாக விகாரப்படுத்தப்பட்டிருக்கிறது. அதைத் தீட்டிய கோபம் உண்மையானது. ஆனால் அந்த முகம் 2009 ஜனவரியில் வெள்ளை மாளிகையை விட்டுப் போய்விட்டது. அட்டை அந்தத் தேதியோடு பழசாகிவிட்டது, கடைசிப் பாட்டு பழசாகவில்லை.

காரணம், அதில் குரலை நடத்தியிருக்கும் விதத்திலேயே இருக்கிறது என்று எண்ணுகிறோம். புஷ்ஷின் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிய அதே கைகள், அதே யந்திரம், ஐசன்ஹோவரின் பேச்சைக் கையிலெடுத்தபோது அதன் பொருளைத் திரிக்க முற்படவில்லை. அவர் சொன்னது அவர் சொன்ன அர்த்தத்திலேயே வருகிறது. வாழ்நாளெல்லாம் பிறர் குரலைச் சிதைத்துச் சங்கீதம் செய்த ஒரு மனிதர், தாம் விடைபெறும் நேரத்தில், இன்னொருவர் விடைபெற்றுக்கொண்டதைக் குறுக்கிடாமல் கேட்கும்படி நம்மை உட்கார வைக்கிறார். அந்த அடக்கத்தை இத்தட்டின் எல்லாக் கூச்சலையும்விட மேலானதாக நாம் மதிக்கிறோம். ஏனெனில், குற்றம் ஒரு குடும்பத்தினுடையதோ ஒரு கட்சியினுடையதோ அன்று, அவர்கள் பதவிக்கு வருவதற்கு முன்பே நிலைகொண்டுவிட்ட ஓர் ஏற்பாட்டினுடையது என்பதை, தட்டுக்கு நாற்பத்தாறு வருஷம் முந்தைய அந்தப் பேச்சைத் தவிர வேறெதுவும் இவ்வளவு சுருக்கமாக நிரூபித்திருக்க முடியாது. முந்தைய பாட்டுகள் பெரும்பாலும் ஓர் ஆளைக் காட்டுகின்றன. பதினோராவது, அந்த ஆள் உட்கார்ந்த ஆசனத்தைச் செய்த பட்டறையைக் காட்டுகிறது.

ஐசன்ஹோவரை மகாத்மாவாக்கும் உத்தேசம் எமக்கில்லை. 1953ல் பதவி ஏற்ற சில மாதங்களிலேயே, ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் செங்கல் கட்டிடப் பள்ளிக்கூடம் எழுப்பலாம் என்று கணக்குச் சொன்னவர் அவர். அதே வருஷத்தில் ஈரானிலும், அடுத்த வருஷத்தில் குவாதமாலாவிலும், ஜனங்கள் தேர்ந்த ஆட்சிகளைக் கவிழ்க்கத் தம் ரகசிய இலாகாவை ஏவியவரும் அவரே. அவர் பதவிக்கு வந்தபோது ஆயிரத்துச் சொச்சமாக இருந்த அமெரிக்க அணுகுண்டுகள், போகும்போது இருபதினாயிரம் அளவுக்குப் பெருகியிருந்தன. பதவியில் இருந்த எட்டு வருஷமும் அந்தப் பெருங்கூட்டுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் அதன் பெயரைச் சொன்னார் என்று குறை கூறுவோருக்கு நம்மிடம் பதில் இல்லை. ஆயினும் சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேர்! உள்ளே இருந்தவன் சாட்சி சொல்லும்போது அவன் கையிலும் கறை இருக்கத்தான் இருக்கும். கறை இருப்பதாலேயே அந்தச் சாட்சியம் கனக்கிறது. கேட்டிராத இளைஞர்களின் காதுக்கு அந்தச் சாட்சியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க, இரைச்சலையே தொழிலாகக் கொண்ட ஒரு குழு முன்வந்ததற்கு நாம் நன்றி பாராட்டுகிறோம்.

பெரிய கம்பெனிகளின் தயவில் வெகுகாலம் இருந்த ஜோர்கன்சன், டெக்ஸாஸ் மாகாணத்தில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய எல் பாஸோ நகரில் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, 'பதின்மூன்றாவது கிரகம்' என்று பொருள்படும் பெயரிட்ட சொந்த வெளியீட்டின் மூலமே இத்தட்டைக் கொண்டுவந்தார். 2008 ஜூலையில் டப்ளின் நகரத்தில் கடைசிக் கச்சேரி நடந்து முடிந்தது. ஆனால் 2011ல் குழு மறுபடியும் கூடிற்று. அடுத்த வருஷம் வெளிவந்த தட்டுக்கு, நீங்கிய நோய் திரும்பிற்று என்று பொருள்படும் 'ரிலாப்ஸ்' என்ற பெயரையே வைத்தார்கள். வேறொரு ஜனாதிபதியின் காலத்தில், 2018ல், மீண்டும் அரசியலையே பொருளாகக் கொண்ட தட்டு வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று சில ரசிகர்கள் மனம் கசந்தார்கள். எமக்கு அந்தக் கசப்பு இல்லை. ஓர் ஆள் போனதும் முடிந்துவிடும் என்று நம்பி விடைபெற்றவர், முடியவில்லை என்று கண்டு திரும்பி வந்ததை வாக்குத் தவறியதாக எண்ண எமக்கு மனம் வரவில்லை.

திரும்பி வர முடியாதவர் ஒருவர் உண்டு. 'கில்லிங் ஜோக்' குழுவில் பெயர் பெற்று, மினிஸ்ட்ரியின் 'ரியோ கிராண்டே பிளட்' தட்டிலும் இத்தட்டிலும் பாஸ் கிதார் வாசித்த ஆங்கிலேயர் பால் ரேவன், இத்தட்டு கடைகளுக்கு வந்து ஒரு மாதம் கழிந்தபின், 2007 அக்டோபர் 20 அன்று ஜெனிவா நகரில் மாரடைப்பால் காலமானார். வயது நாற்பத்தாறு. அவர் பிறந்தது 1961 ஜனவரி 16. ஐசன்ஹோவர் விடைபெற்றுப் பேசியதற்கு முதல் நாள்.