டைம்ஷேருக்கும் தீவனக் கணக்கு உண்டு

போன வாரம் பால் வாங்க வந்த அடுக்குமாடித் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, கொடைக்கானல்ல டைம்ஷேர் ஒண்ணு செகண்ட் ஹேண்டா வருது. வருஷம் ஒரு வாரம் தங்கலாம், இன்னும் 15 வருஷம் பாக்கி. 60,000 ரூபாய்தான். வாங்கட்டுமா?"

இந்த வியாபாரம் சென்னைக்குப் புதுசு இல்ல. ஸ்டெர்லிங் 1986-லயும் மகிந்திரா ஹாலிடேஸ் 1996-லயும் இங்கதான் ஆரம்பிச்சாங்க. ஆனா நான் மாடு வாங்குறவன். விலை குறைச்சலா இருந்தா முதல்ல பல்லைப் பிடிச்சுப் பார்ப்பேன், அப்புறம் தீவனக் கணக்கு. டைம்ஷேருக்குத் தீவனம்னா வருஷா வருஷம் கட்டுற பராமரிப்புக் கட்டணம். போனாலும் கட்டணும், போகாட்டியும் கட்டணும்.

அவருக்குச் சொன்னது ஜிஎஸ்டி சேர்த்து 18,000. வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு வெச்சு பால் நோட்டுலயே கூட்டிப் பார்த்தோம். 15 வருஷத்துக்கு நாலு லட்சத்து 19 ஆயிரம்! வாங்குற விலையையும் சேர்த்தா, ஒரு வருஷம் விடாம ஏழு நாளும் தங்கினாக்கூட ராத்திரிக்கு 4,500-க்கு மேல. வருஷம் விட்டு வருஷம் போனா 9,000 தாண்டுது. சாப்பாடு, பெட்ரோல் தனி.

லீவு தவறாம மலையேறுற குடும்பம்னா சரி. மத்தவங்களுக்கு, வேணும்கிறப்ப ரூம் எடுக்கிறதுதான் லாபம்னு எனக்குப் படுது.

"கடைசி மூணு வருஷக் கட்டண ரசீதைக் கேளுங்க தம்பி. பேர் மாத்த எவ்வளவு, மே மாசத்துல எத்தனை தடவை ரூம் கிடைச்சதுன்னும் கேளுங்க"ன்னு சொல்லி அனுப்பினேன்.

தினமும் பாலுக்கு வர்றார். ரசீது இன்னும் வரலையாம்.