உழுதவன் பெயர் எங்கே?

வானம் பொய்த்துவிட்டது, விதி, யார் என்ன செய்ய முடியும் என்கின்றனர் வயலை மிதித்தறியாத வாய்வீரர்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மை. 2017 சனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சிக்கு ஆளானவை என அரசு அறிவித்தது. நெற்பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றது. மகிழ்ந்தோம். ஆனால், ஐயா, அது எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது?

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுபவர். விதைக்குக் கடன்பட்டவர் அவர். கருகிய கதிரைக் கண்டு கலங்கியவர் அவர். பட்டாவோ பட்டணத்திலே குடியிருப்பவர் பெயரில்! அலுவலகத்தார் அவருடைய காய்த்த கைகளைப் பார்க்கவில்லை, தாளைக் கேட்டார்கள்.

குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் பிறந்தது. என்ன பயன்? பதிவு கேட்டால் நிலத்தைவிட்டு விரட்டுவார்களே என்று உழுபவர் அஞ்சுகிறார். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமே என்று உடையவர் அஞ்சுகிறார். 2016-இல் வந்த பயிர்க் காப்பீடு குத்தகையாளருக்கும் உண்டாம். ஏடு சொல்கிறது, ஏடு கேட்கும் சான்றுதான் அவரிடம் இல்லை!

புவி வெப்பமாகிறது, பண்ணைக்குட்டை வெட்டுங்கள், மண்ணை வளப்படுத்துங்கள் என்று அறிவுரை பொழிகிறார்கள். நல்ல அறிவுரைதான். அடுத்த ஆண்டு தன்னிடம் இருக்குமோ இராதோ என்ற நிலத்திலே எவர் குட்டை வெட்டுவார்?

கிராம நிர்வாக அலுவலர் விதைப்புக் காலத்திலே வரப்பில் வந்து நிற்கட்டும். உடைமையைத் தொடவேண்டாம், ஏர் பிடிப்பவர் எவரோ அவர் பெயருக்குச் சாகுபடிச் சான்று எழுதட்டும். நிவாரணமும் காப்பீடும் அந்தச் சான்றின்மேல் வழங்கப்படட்டும்.