தராசைச் சோதிப்பது யார்?

பால் நிறுக்கும் கொட்டகையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியிலும் பனியிலும் மரம் மரமாக ஓடிய தொழிலாளி, பால் வாளியைச் சுமந்து வந்து வரிசையில் நிற்கிறார். தராசு காட்டுகிறது, கிராணி எழுதுகிறார். அந்த எழுத்துத்தான் அவருடைய அன்றைய உழைப்பின் கணக்கு. அந்த எழுத்துத்தான் அவர் வீட்டு அடுப்பில் எரியும் நெருப்பு.

அந்தத் தராசு கிராணியின் வீட்டுச் சொத்தா? இல்லை. அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதில் அவர் விரலை வைத்து அழுத்தினால் களவு போவது ஒரு வாளிப் பால் மட்டுமல்ல. வரிசையில் நிற்கும் அத்தனை பேருடைய நம்பிக்கையும் அன்றோடு போகிறது. புகார் எழுந்தால், "கிராணியே தராசைச் சோதிக்கட்டும், கிராணியே தீர்ப்பும் எழுதட்டும்" என்று எவராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? இதை எழுதுகிற நாமும் பேனா பிடிக்கும் கிராணிகள்தாம். எங்கள் தராசை நாங்களே சோதித்துக்கொள்வோம் என்று சொல்ல எங்களுக்கே வாய் வராது.

கொட்டகைக்குப் பொருந்தும் இந்த நியாயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பொருந்தாதா? இதுவே இன்று நாம் கேட்கும் கேள்வி.

போலீஸ்காரரின் உடுப்பு, சின்னம், துப்பாக்கி, வாகனம், அவர் கைக்கு எட்டும் பதிவேடுகள், சட்டையில் மாட்டிய காமிரா ஆகிய எல்லாமே பொதுமக்கள் பணத்தில் வாங்கிய தராசு. அவற்றோடு சேர்ந்து விலையில்லாத ஒன்றும் அவருக்கு ஒப்படைக்கப்படுகிறது. நள்ளிரவில் கதவைத் தட்டி, "போலீஸ்" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் நாம் திறக்கிறோமே, அந்த நம்பிக்கை. அதைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துகிறவன் சாதாரணத் திருடனைவிடக் கொடியவன். திருடனுக்கு நாம் கதவைத் திறந்துவிடவில்லை. இவனுக்கு நாமே திறந்துவிட்டோம்.

நமக்கும் சிங்கப்பூருக்கும் என்ன என்று கேட்க வேண்டாம். ஒரு காலத்தில் செம்பவாங் பக்கமெல்லாம் ரப்பர் காடாக இருந்தது. நம் முன்னோர் அங்கே பால் வெட்டினர். இன்று அங்கே தோட்டம் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், சிராங்கூன் ரோட்டில் கூடுகிறார்கள். அவர்களுக்கு நேர்வது நமக்கும் நேர்வதுதான்.

இந்தக் கதை புதிதல்ல. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பொங்கோல் கடற்கரையில் 1,800 ராத்தல் அபின் கொள்ளை போயிற்று. அதன் மதிப்பு அந்நாளில் சுமார் 4,00,000 வெள்ளி. கொள்ளையர் யார் என்று தேடிப் போனால், அந்தக் கூட்டத்திலே மூன்று போலீஸ் துப்பறிவாளர்கள்! திருடனைப் பிடிக்கச் சம்பளம் வாங்கியவர்கள் திருடரோடு கைகோத்து நின்றார்கள். வேலியே பயிரை மேய்ந்தது.

அப்போது லஞ்சத்தை விசாரிக்க ஓர் அமைப்பு இல்லாமலில்லை. இருந்தது. ஆனால் அது எங்கே இருந்தது தெரியுமா? போலீஸ் இலாகாவின் குற்றப் புலனாய்வுப் பகுதிக்குள்ளேயே ஒரு சிறு கிளையாக இருந்தது. தன் இலாகாவின் அழுக்கைத் தானே துவைக்கும் வேலை அதற்கு! அண்ணனைத் தம்பி எப்படி விசாரிப்பான்? நாளைக்கு எவருடைய கீழ் வேலை செய்ய வேண்டுமோ, அவரையே இன்றைக்கு எப்படிக் கேள்வி கேட்பான்?

காலனி ஆட்சியாளர் தொழிலாளிக்கு நண்பர்கள் அல்லர். அவர்களுக்கே இந்த உண்மை உறைத்தது. 1952-இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு என்று போலீசுக்கு வெளியே தனி அமைப்பை ஏற்படுத்தினார்கள். சுயாட்சி வந்த பிறகு 1960-இல் ஊழல் தடுப்புச் சட்டம் அதன் கையைப் பலப்படுத்தியது. இன்று அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பிரதமரே விசாரணைக்குச் சம்மதிக்க மறுத்தாலும், அதிபரின் இசைவோடு அதன் தலைவர் விசாரணையைத் தொடரலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

ஹாங்காங்கிலும் இதே கதை. 1973-இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, விசாரணை நெருங்கியதும் விமானம் ஏறித் தப்பினார். மக்கள் வீதிக்கு வந்தார்கள். 1974-இல் அங்கும் போலீசுக்கு வெளியே ஊழல் ஒழிப்பு ஆணையம் பிறந்தது. இரண்டு ஊரும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்றே: பிடித்திருக்கிற கையே தராசைச் சோதிக்கக் கூடாது.

ஆனால், தோழர்களே, பாடத்தில் பாதியைத்தான் படித்தார்கள். லஞ்சப் பணம் கைமாறினால் வெளியார் விசாரணை. பணம் கைமாறாமல் அதிகாரம் மட்டும் கைமீறினால்? உடுப்பைக் காட்டி மிரட்டினால்? பதிவேட்டில் கண்ட செய்தியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால்? அந்தப் புகார் திரும்பவும் போலீஸ் படையின் உள்விவகாரப் பிரிவுக்கே போகிறது. 1951-இல் எங்கே நின்றோமோ, இந்த விஷயத்தில் அங்கேதான் நிற்கிறோம்.

இது வெறும் பயம் அல்ல. 2013 ஜூலை 10-ஆம் தேதி கோவன் வட்டாரத்தில் நடந்ததைப் பாருங்கள். பணப் பாதுகாப்புப் பெட்டியில் களவு போய்விட்டது என்று முதியவர் ஒருவர் முந்திய ஆண்டு போலீசில் புகார் கொடுத்திருந்தார். கடனில் மூழ்கியிருந்த இஸ்கந்தர் ரஹ்மத் என்ற போலீஸ் அதிகாரி, தம் வேலையின் மூலம் அந்த விவரத்தை அறிந்திருந்தார். தாம் உளவுப் பிரிவு அதிகாரி என்று முதியவரை நம்பவைத்தார். பெட்டியில் காமிரா வைத்துத் திருடனைப் பிடிக்கலாம் என்று ஒரு போலிக் காமிராவைக் காட்டினார். நம்பிய முதியவர் அவரைத் தம் வீடுவரை அழைத்துச் சென்றார். அந்த வீட்டில் தந்தையும் மகனும் கொலையுண்டார்கள்.

அந்த வீட்டுக் கதவைத் திறந்த சாவி எது? கத்தி அல்ல. "நான் போலீஸ்" என்ற சொல்தான். பொதுமக்களின் நம்பிக்கையைத் திருட்டுச் சாவியாக்கினார். 2015-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் நிறைவேறியது.

"பார்த்தீர்களா, சட்டம் தன் கடமையைச் செய்தது" என்பார்கள். செய்தது, மறுக்கவில்லை. கொலை என்றால் ஊரே பார்க்கும்; கோர்ட்டும் பார்க்கும். ஆனால் ஊர் பார்க்காத சின்ன அநியாயம் எத்தனை எத்தனை! தெருவோரத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவது, வேலை அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அலைக்கழிப்பது, "ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவது இவை நடந்தால் எந்தக் கோர்ட் பார்க்கும்? வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாடு திரும்ப வேண்டும்; ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனோ ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அந்தத் தொழிலாளி, தன்னை மிரட்டிய இலாகாவின் வாசலிலேயே போய்ப் புகார் எழுதிக் கொடுப்பாரா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

"வெளியாருக்குப் போலீஸ் வேலை என்ன தெரியும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேக்காவே பதில் சொல்கிறது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இந்தியக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு மாண்டார், கலவரம் மூண்டது, வண்டிகள் எரிந்தன. தீ வைத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. 25 தொழிலாளர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 50-க்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். ஆனால் போலீசின் அன்றைய நடவடிக்கையை யார் ஆராய்ந்தார்கள்? முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் நால்வர் குழு. அதில் ஒருவர் முன்னாள் போலீஸ் கமிஷனர் டீ துவா பா. இன்னொருவர் நம்மைப்போல் தொழிற்சங்கத்தில் நின்ற ஜான் டி பைவா. 2014-இல் பகிரங்கமாக விசாரணை நடந்தது. போலீஸ் கமிஷனரே சாட்சிக் கூண்டில் நின்று பதில் சொன்னார். போலீசில் ஆள் பற்றாக்குறையையும் தகவல் தொடர்புக் குறையையும் அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. அதனால் போலீஸ் இலாகா இடிந்து விழுந்ததா? இல்லையே! ஒரு நாள் கலவரத்துக்கு முடிந்தது, தினந்தோறும் வரும் புகாருக்கு ஏன் முடியாது?

"கடுமையான புகார்களின் முடிவை மறுபடி பார்க்க உள்துறை அமைச்சு வெளியாட்கள் குழு வைத்திருக்கிறதே" என்றும் சொல்வார்கள். நல்லது, முதல் படி. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது வேறு. தராசைத் தூக்கி நிறுத்திச் சோதிப்பது வேறு. எழுதப்பட்டதைத்தான் புத்தகம் காட்டும். எழுதாமல் விட்டதை யார் காட்டுவார்?

நம் மலேசியாவைப் பற்றியும் பெருமை பேச இடமில்லை. 2005-இல் அரச விசாரணை ஆணையம் சுயேச்சையான புகார் ஆணையம் வேண்டும் என்றது. 2009-இல் ஏ. குகன் என்ற 22 வயதுத் தமிழ் இளைஞர் சுபாங் ஜெயா போலீஸ் காவலில் மாண்டார். 2023-இல்தான் ஓர் ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கண்டதை மேலே அனுப்பலாம், அவ்வளவே. பதினெட்டு ஆண்டு காத்திருந்து பல்லில்லாத காவல் நாயைப் பெற்றோம்!

கருவிகளோ பெருகிக்கொண்டே போகின்றன. சிங்கப்பூரில் 90,000-க்கு மேற்பட்ட போலீஸ் காமிராக்கள் பொருத்தப்பட்டுவிட்டன என்றும், 2030-க்குள் 2,00,000-க்கு மேல் ஆகும் என்றும் அமைச்சர் கா. சண்முகம் 2021-இல் கூறினார். போலீஸ்காரரின் சட்டைக் காமிரா 2015-இல் வந்தபோது, தேவைப்படாத படப்பதிவு 31 நாளில் அழிக்கப்படும் என்று அறிவித்தார்கள். காமிராவை நாம் எதிர்க்கவில்லை. அது நேர்மையான போலீஸ்காரரையும் பொய்ப் புகாரிலிருந்து காக்கும். ஆனால் புகார் கொடுக்கவே பயந்து ஒரு மாதம் ஓடிவிட்டால் சாட்சி எங்கே?

நேர்மையாக உழைக்கும் போலீஸ்காரர் ஆயிரமாயிரம் உண்டு. அவரும் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளிதான். ஒரு கிராணி தராசில் விரல் வைத்தால் எல்லாக் கிராணிகளுக்கும் கெட்ட பெயர். அதுபோல ஒரு போலீஸ்காரர் உடுப்பை விற்றால் எல்லா உடுப்புக்கும் கறை. ஆகவே நாம் கேட்பது அவருக்கும் பாதுகாப்பு.

நாம் கேட்பவை மூன்று:

ஒன்று: பணம் சம்பந்தப்படாத அதிகாரத் துஷ்பிரயோகப் புகாரையும், 1952-இல் செய்ததுபோல், போலீசுக்கு வெளியே உள்ள அமைப்பே விசாரிக்க வேண்டும். அதில் தொழிற்சங்கப் பிரதிநிதி இருக்க வேண்டும்.

இரண்டு: புகார் வந்த நாளிலேயே சம்பந்தப்பட்ட காமிராப் பதிவைப் பூட்டி வைக்க வேண்டும்.

மூன்று: புகார் கொடுத்த தொழிலாளியின் வேலை அனுமதி, விசாரணை முடியும்வரை ரத்தாகக் கூடாது.

தோழர்களே! அங்கே வேலை செய்யும் உங்கள் மகனுக்கும் தம்பிக்கும் சொல்லுங்கள். சட்டத்துக்கு அடங்கி நடக்கட்டும். போலீஸ்காரருக்கு உரிய மரியாதை கொடுக்கட்டும். ஆனால் அநியாயம் கண்டால் தேதி, நேரம், இடம், அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைக்கட்டும். தனியாகப் போகாமல் சங்கத்தின் துணையோடு போகட்டும்.

தராசில் நிறை குறைந்தால் "மறுபடி நிறு!" என்று சொல்ல இந்தச் சங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் அதே குரலில் சொல்வோம்:

மறுபடி நிறு! இம்முறை வேறு ஆள் நிறுக்கட்டும்!